பாசி காய்ந்த பிஞ்சை

இரண்டு வருசமாக மழையே இல்லாத எங்கள் புதூர் பக்கத்தில், மழை வேண்டாம் என்று ஜெபம் பண்ணிய ஒரே ஆள் என் வீட்டுக்காரர் எபநேசர்தான்.

கடல்பாசியை மூடிய டிரம்மில் போட்டு அடியில் தீ மூட்டினால், வருகிற புகை குழாயில் குளிர்ந்து கறுப்பு எண்ணெயாகச் சொட்டும். டீசலுக்குப் பதிலாக அதில் மோட்டார் ஓட்டலாம் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்தார். ஆனால் பாசி நன்றாகக் காய வேண்டும்.

"வெயிலுக்கு நம்ம ஊர்ல பஞ்சமா? பிஞ்சை சும்மாதான கிடக்கு" என்று வேம்பார் கடற்கரையிலிருந்து லாரி லாரியாகப் பாசியை இறக்கி, எங்கள் கரிசல் நிலத்தை முழுக்க மூடிவிட்டார்.

"மண்ணுல உப்பு இறங்கிராதா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, மழை பெஞ்சாத்தான இறங்கும்?" என்றார்.

ஐப்பசியில் பெய்தது. ஊரே வாசலில் நின்று நனைய, இவர் மட்டும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார். ஒரு தார்ப்பாய் எந்த மூலைக்கு? அடைமழையில் ஊறிப் பாசி பாதிக்கு மேல் அழுகியது.

மிஞ்சியதில் ஒரு கேன் எண்ணெய் எடுத்தார். துணியில் நனைத்துக் கொளுத்தினால் நன்றாகவே எரிந்தது. எரியாமல் போயிருந்தால் வாயாரத் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

கார்த்திகையில், பக்கத்துப் பிஞ்சையில் இசக்கியம்மாளின் பருத்தி இலைவிட்டு நின்றது. வரப்புக்கு இந்தப் பக்கம் பாசியை அள்ளிவிட்டு நாங்கள் போட்ட விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. இவர் குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார்.

துப்புவார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். விழுங்கிவிட்டார்.