கைக்குட்டை போட்ட இருக்கை

1

இது கதையாக வந்திருக்கவே கூடாது. தில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள், அவ்வளவுதான். குறைந்த செலவில் ஐரோப்பா பார்க்க நினைக்கிறவர்கள் வழிகாட்டியோடு கூட்டமாகப் போவது நல்லதா, தாங்களே திட்டம் போட்டுத் தனியாகப் போவது நல்லதா? பென்ஷன் வாங்குகிற நம் ஆட்களுக்குப் பயன்படுகிற மாதிரி எழுதித் தாருங்கள் என்றார் மலர்ப் பொறுப்பாளர் பாலசுப்ரமணியம். நான் காசியைத் தாண்டி எங்கும் போனதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் நடுநிலையாக எழுதுவீர்கள் என்று வாயை அடைத்துவிட்டார்.

உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

ஐரோப்பா என்றதுமே நம் மனக்கண்ணில் விரிவது பனி மூடிய மலைகளும்

(நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கும் கட்டுரையைக் காசு கொடுத்தாலும் நான் படிக்க மாட்டேன்.)

இரண்டாவது முயற்சி கொஞ்சம் உருப்படி:

மலிவான குழுப் பயணத்தில் விசாவும் ஹோட்டலும் அவர்கள் தலைவலி. சமையல்காரரே கூட வருவதால் ராத்திரி தயிர்சாதம் நிச்சயம். ஆனால் ஹோட்டல் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும். விடியுமுன் எழுப்பிப் பெட்டியை வாசலில் வைக்கச் சொல்வார்கள். ஒரு நகரத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அந்த ஊருக்குப் போய்வந்தேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். தனியாகப் போனால் பிடித்த ஊரில் பிடித்த மட்டும் இருக்கலாம். ஆனால் ரயில் ரத்தானால் பெட்டியும் கையுமாக பிளாட்பாரத்தில் நிற்பதும் நாம்தான், எனவே

'எனவே'க்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. விவரம் சேர்க்கலாம் என்று கரோல் பாகில் ஒரு சுற்றுலா நிறுவனம் நடத்திய விளக்கக் கூட்டத்துக்குப் போனேன். ஜூன் மாதம் கிளம்பும் குழுவுக்கான கூட்டம். சமோசா, டீ, திரையில் ஏரிகள். குழுவை அழைத்துப் போகப்போகிற இளைஞன், பஸ்ஸில் யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது, தினமும் இடம் மாறி உட்கார வேண்டும், அப்போதுதான் எல்லோருக்கும் நல்ல காட்சி கிடைக்கும் என்று விளக்கினான். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து இந்தியில் கேட்டாள். அவள் பக்கத்து இருக்கையை மட்டும் காலியாக விட முடியுமா? அவள் எங்கே மாறினாலும் அந்தக் காலி இடமும் கூடவே மாறட்டும்.

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என் கட்டுரை அங்கேயே நின்றுபோயிற்று.

2

கூட்டம் முடிந்ததும் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். அவள் பெயர் வள்ளியம்மை. (நேரில் 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறேன். 'அவள்' என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. 'அவர்' என்று எழுதினால் கிட்டே போக முடியவில்லை. மன்னித்துக்கொள்வாள்.) அம்பாசமுத்திரத்துக்காரி. சின்ன வயதிலேயே தில்லிக்கு வந்து ஓர் அமைச்சகத்தில் சுருக்கெழுத்தாளராகச் சேர்ந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மோதி பாக் குவார்ட்டர்ஸில் தனியாகவே இருந்து ஓய்வு பெற்று, இப்போது முனிர்காவில் வாடகைக்கு இருக்கிறாள்.

அந்தக் காலத்தில் தில்லியில் வேலை பார்த்தவர்களுக்கு சார்ட்டர்டு பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: அலுவலகம் போகிறவர்கள் மாதச் சந்தா கட்டி ஏறும் தனியார் பஸ். தினமும் அதே முகங்கள், அதே இருக்கைகள், குளிர்காலத்தில் அதே வேர்க்கடலை. யாரும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று அதில் உண்டு. இருக்கையில் கைக்குட்டை கிடந்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

அபிராமி பஸ் கிளம்புகிற ஆர்.கே.புரத்திலேயே ஏறுவாள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், அதே அமைச்சகம், வள்ளியம்மைக்கு அடுத்த அறை. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பக்கத்து இடத்தில் கைக்குட்டையை விரிப்பாள். மோதி பாக்கில் வள்ளியம்மை ஏறுகிற வரை அந்த இடத்துக்கு யார் யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள். ஒருமுறை அவர்களுடைய அதிகாரியே வந்து நின்றார். கர்ப்பிணி யாராவது ஏறினால் அபிராமி தன் ஜன்னலோரத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து நிற்பாள், கைக்குட்டை மட்டும் அசையாது. எல்லோருக்கும் அவள் பதில் ஒன்றுதான். "பையா, இதர் சவாரி ஹை." இங்கே ஆள் இருக்கிறது. அவள் தில்லிக்கு வந்து கற்றுக்கொண்ட முதல் முழு இந்தி வாக்கியமே அதுதானாம்.*

* இதை வள்ளியம்மை சொல்லும்போது அபிராமியின் குரலில் சொல்லிக் காட்டினாள். அந்தக் குரலை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் மூக்கால் பேசும் குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3

ஐரோப்பாப் பேச்சு அந்த பஸ்ஸில்தான் பிறந்தது. வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்வந்த ஓர் அதிகாரி சொல்லச் சொல்ல வள்ளியம்மை அறிக்கை எழுதினாள். பக்கம் பக்கமாகப் போன அந்த அறிக்கையில் ஒரே ஒரு வரியில் ஓர் ஏரி வந்தது. மறுநாள் பஸ்ஸில் அந்த வரியை அபிராமியிடம் சொன்னாள். ரிட்டயர் ஆனதும் இருவரும் போய் அதைப் பார்த்துவிடுவது என்று மோதி பாக்குக்கும் அமைச்சகத்துக்கும் நடுவில் முடிவாயிற்று. எப்படிப் போவது என்பது மட்டும் முடிவாகவில்லை, கடைசி வரைக்கும்.

அபிராமிக்குக் கூட்டத்தோடு போக வேண்டும். வள்ளியம்மைக்குத் தன் இஷ்டத்துக்குப் போக வேண்டும். ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர், சமையலறையோடு ஓர் அறை, காலையில் சந்தையில் காய் வாங்கிக் குழம்பு வைப்பது, சாயங்காலம் கரையில் உட்கார்ந்திருப்பது. ஒரு நாடு போதும், ஓர் ஊர் போதும். ஓய்வு பெற்றும் வாதம் ஓயவில்லை. தொற்றுக் காலம் வந்து சில வருஷங்களை விழுங்கியது. பாஸ்போர்ட்டுகள் பீரோவில் கிடந்தன.

இருவரும் பிடிவாதக்காரிகள் என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அது போதவில்லை. வள்ளியம்மை சொன்னதையே தருகிறேன்.

"அவ புருஷன் போகும்போது பிரதீப் கைப்பிள்ள. ஆஸ்பத்திரி, ஸ்கூலு, எல்லாத்துக்கும் அவளேதான் அலைஞ்சா. எங்கிட்ட சொல்லுவா, 'ஏன்டி வள்ளி, எல்லா எடத்துக்கும் நானே வழி கேட்டுக்கிட்டுப் போயாச்சு. ஒரு தடவையாவது யாராவது கொடியப் புடிச்சுக்கிட்டு முன்னால போகட்டும், நான் ஒண்ணும் யோசிக்காம பின்னால வரேன்'னு."

அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நான் ஆயுசு முழுக்க அடுத்தவுக சொல்லச் சொல்ல எழுதுனவ. கமா எங்க போடணும்னுகூட அவுகதான் சொல்லுவாக. அங்க போயும் ஒருத்தன் சொல்லி நான் கேக்கணுமான்னேன்."

என் கட்டுரையின் நிறை குறைகளில் இந்த இரண்டும் இல்லை.

4

போன வருஷம் ஆடிக் கிருத்திகையன்று மலை மந்திர் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்திருக்கும்போது அபிராமி சொல்லிவிட்டாள். அடுத்த ஜூனில் கிளம்பும் குழுவில் சேரப் போகிறாள். முழங்கால் நடக்கவிடும்போதே போய்விட வேண்டும். நீயும் வந்தால் நன்றாயிருக்கும்.

வள்ளியம்மைக்குச் சுருக்கென்றது. "போ. ஆட்டு மந்தைக்கு ஒரு ஆடு கொறையுதாம்" என்றாள்.

அபிராமி எழுந்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கிப் போனாள். அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் கூப்பிடட்டும் என்று இவள் இருந்தாள். இவள் கூப்பிடட்டும் என்று அவள் இருந்திருப்பாள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

இந்த இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. ஒரு பிரதியில் பொங்கலன்று அபிராமியை போன் செய்ய வைத்தேன். "பால் பொங்கிச்சாடி?" என்று ஒரே கேள்வி, இருவரும் அழுதுகொண்டே சிரிக்கிறார்கள். நன்றாகவே வந்திருந்தது. வள்ளியம்மைக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதையே வச்சுக்கிடுங்களேன்" என்றாள். அவள் அதைச் சொன்ன விதத்தைக் கேட்ட பிறகு அந்தப் பக்கத்தை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. கிழித்துப் போட்டேன்.

நடந்தது இதுதான். பிப்ரவரியில் ஒரு காலை அபிராமி எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு. வள்ளியம்மைக்குச் சேதி பழைய அலுவலக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது, யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூங்கொத்துக்குக் கீழே.

5

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் அபிராமியின் மகன் பிரதீப் முனிர்காவுக்கு வந்தான். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன், தமிழ் தட்டுத்தடுமாறும். உட்காரச் சொன்னதும் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னான்.

"வள்ளி ஆன்ட்டி, அம்மா டூர்ல ரெண்டு சீட் போட்டிருக்கா. ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு உங்களுக்கு. நான் கேட்டேன், உங்க ரெண்டு பேருக்கும் ஜக்டா ஆச்சே, ஆன்ட்டி எப்படி வருவாங்கன்னு. அம்மா சிரிச்சா. 'அவ மோதி பாக்ல ஏறிக்குவாடா'ன்னா. எனக்கு மத்லப் புரியல, ஆன்ட்டி. நீங்க இப்ப மோதி பாக்லயே இல்லையே."

சுடுகாட்டில் அழாதவள், அந்தப் பையன் முன்னால் வாய்விட்டு அழுதாள். என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் அவன் தண்ணீர் எடுக்க ஓடினான்.

(பேசாத அந்த மாதங்களில் அபிராமி போனுக்காகக் காத்திருக்கவில்லை. கைக்குட்டையைப் போட்டுவிட்டு நிம்மதியாக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். முந்தின பகுதியில் நான் எழுதியதை அடித்துத் திருத்தியிருக்கலாம். தப்பு தெரியட்டும் என்று விட்டுவைத்தேன்.)

இப்போது சிக்கல் வேறு. குழுவில் சேர ஆள் காத்திருக்கிறார்கள். அபிராமியின் இடத்தைக் காலியாக விட மாட்டார்கள். அது ஃபரிதாபாதிலிருந்து வரும் ஒரு பெண்மணிக்குப் போகும், அறையும் அவரோடுதான். வள்ளியம்மை வருகிறாளா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். போனால் அபிராமியின் இடத்தில் வேறொருத்தி உட்காருவதைப் பார்க்க வேண்டும். போகாவிட்டால் அபிராமி தனக்காகப் பிடித்துவைத்த கடைசி இடத்தைத் தானே விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) அவள் தனியாகப் போகிறாள், ஆசைப்பட்டபடியே. ரயில் நேரத்துக்கு வருகிறது. ஏரிக்கரை ஊர், சமையலறையோடு அறை. சந்தையில் வெண்டைக்காய் இல்லை, கத்தரிக்காய் வாங்குகிறாள். குழம்பு கொதிக்கிறது. ஜன்னலில் ஏரி தெரிகிறது. ஆசைப்பட்டதெல்லாம் ஒன்று குறையாமல்

(முடிக்க முடியவில்லை. அவள் இரண்டு பேருக்கு வைத்துவிட்டாள். மிச்சக் குழம்பை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.)

(ஆ) அவள் போகவில்லை. குழு கிளம்புகிற நாளில் முனிர்காவில் கூலர் இரைகிறது. பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பீரோவில் வைக்கிறாள். எழுத ரொம்பச் சுலபமாக இருந்தது. நம்மில் பாதிப் பேருக்கு நடக்கிற முடிவு இதுதான் என்பதால் இருக்கலாம். சுலபமாக வந்ததாலேயே எனக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை.

(இ) குழுவோடு போகிறாள். இதை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

7

இன்று வியாழக்கிழமை. சாயங்காலம் வள்ளியம்மை கூப்பிட்டாள்.

"நீங்க கதைக்கு ஒரு முடிவு வைப்பீகல்லா? அத மொதல்ல எங்கிட்ட சொல்லிருங்க. அதுபடியே செஞ்சிருதேன்."

உங்கள் இஷ்டப்படி போக வேண்டும் என்பதுதானே உங்கள் கட்சி, அக்கா என்றேன்.

"ஆமா" என்றாள். "இப்ப கையில பென்சில் இருக்கு. சொல்லுத ஆள்தான் இல்ல."

காலையில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒருவர் வாழ்க்கைக்கு டிக்டேஷன் கொடுக்கும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது. ஆனாலும் உட்கார்ந்து (இ)-யை எழுதத் தொடங்கினேன். வந்தவரைக்கும் தருகிறேன்.

ஏதோ ஒரு ஊர். (உங்களுக்குத் தெரிந்த பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.) நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டல், அதிகாலைக் குளிர், வாசலில் வரிசையாகப் பெட்டிகள். வள்ளியம்மை எல்லோருக்கும் முன்னால் பஸ்ஸில் ஏறுகிறாள். எப்போதும் பாதி வழியில் ஏறியே பழகியவள், வெறும் பஸ்ஸில் ஏறுவது இதுதான் முதல் தடவை. இத்தனை இருக்கைகளும் காலியாக இருப்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் நிற்கிறாள். தினமும் காலை அபிராமி பார்த்தது இதைத்தான் என்று நினைத்துக்கொள்கிறாள். பிறகு ஒரு ஜன்னலோரம் போய் உட்கார்கிறாள். கை தன்னால் பைக்குள் போகிறது. கைக்குட்டையை எடுத்துப் பக்கத்து இருக்கையில் விரித்துவிடுகிறாள்.

ஃபரிதாபாத் பெண்மணி ஏறி வருகிறார். நல்ல மனுஷி. ராத்திரி அறையில் வள்ளியம்மைக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தவர். அவருக்கும் முழங்கால் வலி. கைக்குட்டையைப் பார்த்துத் தயங்கி நிற்கிறார். "காலி ஹை கியா, பெஹன்ஜி?" இடம் காலியா என்று கேட்கிறார்.

வள்ளியம்மை நிமிர்ந்து பார்க்கிறாள். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்விக்கு அவள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அவள் ஏறுவதற்கு முன்பே, அவளுக்காக, இன்னொருத்தி சொல்லி முடித்திருப்பாள். கைக்குட்டையை எடுத்து மடித்துக்கொண்டு இடம் விடலாம். மூக்கால் பேசும் அந்தக் குரலில் அபிராமியின் வாக்கியத்தைச் சொல்லவும் செய்யலாம். அவள் வாயைத் திறக்கிறாள், திறந்து

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. கட்டுரையைப் பற்றி பாலசுப்ரமணியத்திடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்வேன். விடிந்தால் வெள்ளிக்கிழமை, வள்ளியம்மை போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பஸ்ஸிலோ அந்தப் பெண்மணி இன்னும் நின்றுகொண்டிருக்கிறார், அவருக்குப் பின்னால் ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். நீங்களாவது சொல்லுங்கள், அங்கே ஆள் இருக்கிறதா?