அண்ணியின் ரப்பர் ஷூ

ஜனவரி 17, வெள்ளி

நேற்று மாலை வகுப்புக்குக் கிளம்பிய அவசரத்தில் அண்ணியின் ரப்பர் ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். எங்கள் வீட்டில் எல்லாருடைய ஷூவும் ஒரே கறுப்பு. அடையாளத்துக்கு அண்ணியுடையதில் சிவப்பு நூல், என்னுடையதில் நீலம். வாசல் விளக்கு எரியவில்லை என்று எழுதலாம். நான் குனிந்து பார்க்கவில்லை என்பதுதான் சரி.

பஸ்ஸிலிருந்து இறங்கித் தையல் வகுப்புக்கு நடப்பதற்குள் ஷூ இரண்டு முறை பனிச்சேற்றில் கழன்றது. உட்கார்ந்த பிறகுதான் சிவப்பு நூலைக் கவனித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பாவாடைத் துணியில் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஜும்ராத் அண்ணியின் கால் என் காலைவிடச் சிறியது. அவருடைய கல்யாணச் செருப்பில் என் குதிகால் நுழையவே இல்லை. அவர் ஷூ என் காலில் எப்படிக் கழலும்?

அண்ணிக்கு இது எட்டாம் மாதம். அண்ணன் ருஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான். அண்ணியின் வெறுங்காலை இந்த வீட்டில் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எங்கள் ஊர் வழக்கத்தில், புகுந்த வீட்டில் மருமகள் கால் தெரிய நடக்கமாட்டாள். விடியற்காலை முற்றம் பெருக்க வரும்போதே முழங்கால்வரை மெல்லிய தோல் பூட்ஸ் ஏறியிருக்கும். வெளியே போவதென்றால், எங்கள் எல்லாரையும் போல, அதன்மேல் ரப்பர் ஷூ.

கால் வீங்குகிறது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அம்மா சும்மா இருந்துவிடவில்லை. மக்காச்சோள நாரைக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள், மெத்தைகளை அடுக்கி மேலே காலை வைக்கச் சொன்னாள். உப்புப் போட்டு உலர்த்திய தயிர் உருண்டைகளுக்காக அண்ணி அலமாரியெல்லாம் தேடுவார். அம்மா அவற்றை ஒளித்துவைத்தாள். அண்ணன் வயிற்றில் இருந்தபோது தன் காலும் உப்பிய ரொட்டி மாதிரி இருந்ததாம், பிறந்ததும் வற்றிவிட்டதாம். அண்ணியின் முகம் உப்பியபோது, எங்கள் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொண்டுவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டாள். நானும் நம்பினேன்.

இன்று காலை அண்ணி வழக்கம்போல நெஞ்சில் கை வைத்து அம்மாவுக்குக் குனிந்து வணங்கிவிட்டுத் தேநீர் ஊற்றினார். பாதி கிண்ணத்துக்கு வெளியே போயிற்று.

"கிண்ணம் இந்தப் பக்கம் இருக்கு மருமகளே, விரிப்புக்கு ஒண்ணும் தாகமில்ல," என்றாள் அம்மா.

அண்ணி சிரிக்கவில்லை. நெற்றியைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போய் ஷூவைப் பற்றிக் கேட்டேன்.

"பழசு ஏறல செவாரா. சந்தையில பெரிசா வாங்கி நூலை மாத்திக் கட்டிட்டேன். அத்தைகிட்ட சொல்லிடாத."

"பூட்ஸ் மட்டும் ஏறுதா?"

"கழட்டினாத்தானே ஏறணும்? மூணு நாளா ராத்திரியும் அதோடதான் படுக்கிறேன்."

பூட்ஸை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. தையல் கத்தரியை எடுத்துவந்து ஓரத் தையலைப் பிரித்தேன். உள்ளே இருந்தது அண்ணியின் கால் என்று நம்ப முடியவில்லை. கணுக்கால் எலும்பையே காணோம். தோலில் தையல் வரி அப்படியே பதிந்திருந்தது. விரலால் அழுத்தினேன், விரலை எடுத்த பிறகும் குழி எழும்பவில்லை.

நான் கூப்பிட்டு அம்மா ஓடிவந்தாள். அண்ணி கூச்சத்தில் பாவாடையை இழுத்துக் காலை மூடினார். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு, ரொட்டி அடுப்பிலிருந்து பறந்த பொறி இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது என்றார். இரண்டு நாளாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவும் ஆறின தேநீரால் கண்ணைக் கழுவிவிட்டாள்.

இப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணி, பனி கொட்டினதிலேருந்து நாம அடுப்பே மூட்டல. ரொட்டி கடையிலதான் வாங்குறோம்."

அண்ணி என்னைப் பார்த்தார்.

"அப்ப இது என்ன?"

அம்மா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். முற்றத்து அடுப்பின் வாய் பனி மூடி வெள்ளையாகக் கிடந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆம்புலன்ஸை நான்தான் கூப்பிட்டேன். அதில் வந்த பெண் அண்ணியின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். செருப்பெல்லாம் தேட வேண்டாம், இப்போதே தூக்குங்கள் என்றாள். படுக்கையோடு தூக்கும்போதும் அண்ணி விடைபெறும் முறைக்கு நெஞ்சில் கை வைத்துத் தலையை நிமிர்த்தப் பார்த்தார்.

"படுடி. யாருக்கு இப்ப வணக்கம்? படுத்திரு," என்ற அம்மாவின் குரல் அம்மாவுடையது போலவே இல்லை.

கால் வீக்கம் பலருக்கும் வருவதுதான் என்றார் பிரசவ ஆஸ்பத்திரி டாக்டர். ஆனால் முகமும் வீங்கி, விடாத தலைவலியும் கண்ணில் பொறியும் சேர்ந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாதாம். இன்னும் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்குமாம். தாயோ பிள்ளையோ தப்புவது கஷ்டமாம். இப்போது மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாகக் கேட்கிறது. அறுத்து எடுப்பதா, பொறுப்பதா என்று காலையில் சொல்வார்கள்.

வீடு திரும்பியதிலிருந்து அம்மா வெட்டுப்பட்ட பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடவில்லை. நேற்று நான் குனிந்து நூலைப் பார்த்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது.

நாளை முற்றத்தை நான் பெருக்க வேண்டும். கோழி சூப் வைத்து, உள்ளே விடமாட்டார்கள் என்பதால் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி ஜன்னலில் கொடுத்துவிட்டு, டாக்டர் என்ன முடிவு செய்தார் என்று கேட்க வேண்டும்.