மேல்வீட்டுச் சூடு

கேஸ் பில்லைக் கட்டுக்குள் வைப்பதில் ஷாஸியே அம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது என்று துருக்கியின் எர்சுரும் ஊரில் அந்தத் தெருவே சொல்லும். கூரை விளிம்பில் பனிக்கட்டி ஈட்டி ஈட்டியாகத் தொங்குகிற ஊரில் அது லேசுப்பட்ட பெயரில்லை. மாதம் ஒரு வீட்டில் பெண்கள் கூடி டீ குடிக்கும்போது மற்றவர்கள் கேஸ்காரனைச் சபித்துத் தீர்ப்பார்கள். இவள் மட்டும் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, டீயை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "எல்லாம் கைப்பக்குவம்டி" என்பாள்.

கைப்பக்குவமாவது ஒன்றாவது! அந்த அம்மாள் வீட்டைச் சூடாக்குகிற கேஸ் பாய்லரைப் பற்றவைப்பதே இல்லை. அவ்வளவுதான் ரகசியம். கணவர் நஸ்மி இறந்த வருஷம், ஒண்டிக்கட்டைக்கு மூன்று அறையை எதற்குச் சூடாக்க வேண்டும் என்று ஒரு வாரம் அணைத்துப் பார்த்தாள். வீடு ஒன்றும் உறைந்துபோகவில்லை. கீழே டீக்கடை, கடை திறந்ததிலிருந்து மூடும்வரை கணகணவென்று இருக்கும். மேலே இப்போது கைக்குழந்தைக்காரர்கள், பாய்லர் அணைவதே இல்லை. நடுவில் இவள். கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டால் காலம் தள்ளிவிடலாம். கையில் இல்லாத கொடுமை என்று நினைத்துவிடாதீர்கள், பென்ஷன் தாராளமாக வந்தது. முதலில் சிக்கனம், அப்புறம் பெருமை, அதற்கப்புறம் விடமுடியாத பழக்கம். டீ விருந்து அவள் முறையாக வருகிற மாதம் மட்டும் முந்தின நாளே பாய்லரை முடுக்கிவிடுவாள். விருந்தாளிகள் படியிறங்கியதும் அணைத்துவிடுவாள்.

அவளுடைய குளிர்ந்த அறைகள் யார் வீட்டுச் சூட்டை இழுத்துக்கொள்கின்றன என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்று சொல்வதுதான் சரி.

மேல்வீட்டில் சுமெய்ரா இருந்தாள். ரிஸேயிலிருந்து வந்த பெண். கடலும் மழையும் தேயிலைத் தோட்டமுமாக வளர்ந்தவள், பஸ் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கும் புன்யாமினைக் கட்டிக்கொண்டு இந்தப் பனிக்காட்டுக்கு வந்துசேர்ந்தாள். மகள் ஆசேல் பிறந்து இது முதல் குளிர்காலம். மீட்டர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துப் புன்யாமினுக்கு வெறியே பிடித்துவிட்டது. ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினான். பாய்லரின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்குகிற ரேடியேட்டர்களுக்குப் பின்னால் வெள்ளித்தாள் வைத்தான். அவற்றுக்குள் அடைத்திருந்த காற்றைத் திறந்துவிட்டுப் பார்த்தான். பில் அசையவில்லை. ஜன்னல் மேல் தப்பில்லை, ரேடியேட்டர் மேல் தப்பில்லை என்றால் மிச்சம் யார்? பெண்டாட்டிதான்.

"கடலோரத்துக்காரிக்குக் குளிர் தாங்காது. நான் ஆபீஸ் போனதும் பாய்லரை ஏத்தி வெச்சுட்டு, வர்ற நேரத்துல இறக்கிடறே. ஒத்துக்கோயேன்!"

"நான் அதைத் தொடறதே இல்லைங்க. பிள்ளை மேல சத்தியம்."

"பிள்ளையை இழுக்காதே!"

சாயங்காலம் தவறாமல் இந்தக் கச்சேரி நடக்கும். ஒவ்வொரு சொல்லும் ஷாஸியேயின் காதில் விழும். கதவு அறைபடும். அப்புறம் அந்தப் பெண் அழுவாள். இவள் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வாள்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. போன மாதம் மாடிப்படியில் புன்யாமின் அவளை மறித்துக்கொண்டான். "பெரியம்மா, பகல் பூரா நீங்க வீட்டுலதான் இருக்கீங்க. மேல இவ என்னதான் பண்றா? உங்க பில் மட்டும் எப்படி இவ்வளவு கம்மியா வருது?" கடைசிக் கேள்வியிலிருந்து பேச்சைத் திருப்பினால் போதும் என்று வாயில் வந்ததைச் சொன்னாள். "சின்னப் பொண்ணுதானேப்பா. ஜன்னலைத் திறந்துபோட்டு மறந்துடுவா போல. சத்தம் கேக்குது."

சுமெய்ரா படுக்கை விரிப்பை உதற ஜன்னலை ஒரு கணம் திறப்பாள். எர்சுருமில் யார்தான் திறப்பதில்லை? ஆனால் அன்று சாயங்காலம் மேலே, "பெரியம்மாவே சொல்றாங்க!" என்று முழக்கம் கிளம்பியது. மறுநாள் அதே பெண் கீரைச் சூப்பும் சோள ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். "நீங்க எப்படி மிச்சம் பிடிக்கிறீங்க பெரியம்மா? எனக்கும் சொல்லிக்குடுங்களேன்" என்று கேட்டாள். இந்த மகராசி சூப்பைக் குடித்துவிட்டு, இன்னொரு கம்பளிச் சட்டை போட்டுக்கொள் என்று புத்தி சொல்லி அனுப்பினாள்.

சனிக்கிழமை காலையில் புன்யாமின் ஒரு பாய்லர் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஷாஸியே பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மேலே அவன் குரல் கணீரென்று கேட்டது.

"பாய்லர்ல கோளாறு இல்லைன்னு மட்டும் இவர் சொல்லட்டும், இந்த நிமிஷமே உங்கப்பாவுக்குப் போன் போடறேன். வந்து கூட்டிட்டுப் போகட்டும். பனி உருகற வரைக்கும் அங்கயே இரு. திரும்பக் கூப்பிடறதா வேணாமான்னு அப்புறம் யோசிக்கிறேன்."

ஷாஸியேயின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கோளாறு இருக்கட்டும், இறைவா, ஏதாவது ஒரு கோளாறு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். மெக்கானிக்கின் கனமான காலடி சமையலறையில் வெகுநேரம் நின்றது. பிறகு படுக்கையறைக்குப் போயிற்று. கூடத்துக்கு வந்து, அவள் தலைக்கு நேர் மேலே நின்றது.

"பாய்லர் பழுதில்லை தம்பி. ஆனா தரை ஏன் இப்படிச் சில்லுனு கெடக்கு? கீழ யாராச்சும் இருக்காங்களா?"

"ஒரு பெரியம்மா இருக்காங்க."

"பாய்லர் போடறாங்களா?"

"இந்த ஊர்ல போடாம யாரு அண்ணே உயிரோட இருப்பா?"

"போட்டா தரை இப்படி இருக்காது. பாய்லர் மூடியை மாட்டிட்டு வர்றேன், ஒரு எட்டு கீழ போய்ப் பாத்துடுவோம்."

பருப்புத் தட்டு கவிழ்ந்தது. அறுபத்தைந்து வயதுக் கால்களுக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ, பாய்ந்து போய்ப் பாய்லரைப் பற்றவைத்து முழுசாகத் திருகினாள். கொர்ரென்று ஒரு சத்தம் போட்டு அது உயிர் பெற்றது. ஆனால் மூன்று அறையும் சூடாக ஒரு மணி நேரம் வேண்டும், அவளுக்கு ஒரு மூடி மாட்டுகிற நேரம்தான் இருந்தது. பயம் வந்தால் புத்தி எப்படித்தான் வேலை செய்கிறதோ! கூடத்து ரேடியேட்டரின் குழாயைத் திருகி மூடினாள். இரண்டு படுக்கையறையிலும் ஓடி ஓடி மூடினாள். வாசல் நடையில் இருந்த சின்ன ரேடியேட்டரை மட்டும் திறந்துவைத்தாள். இனிப் பாய்லரின் வெந்நீர் முழுவதும் அந்த ஒன்றுக்குள்தான் போயாக வேண்டும். சமையலறையில் இரண்டு பாத்திரம் தண்ணீர் கொதிக்கவைத்தாள். மேலே போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி நாற்காலிக்குப் பின்னால் வீசினாள். கதவு தட்டும்போது நடை ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்தாள். சுட்டது.

"வாங்கப்பா, வாங்க. என்ன விசேஷம்?" முகமெல்லாம் சிரிப்பு.

"மன்னிச்சுக்குங்க பெரியம்மா," என்றான் புன்யாமின். "இவருக்கு ஒரு சந்தேகம். உங்க வீட்டுல பாய்லர் எரியுதான்னு."

"எரியாம என்னப்பா? காது கேக்கலையா உனக்கு?"

மெக்கானிக் வாசலில் நின்றபடியே கையை நீட்டி ரேடியேட்டரைத் தொட்டான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். "அம்மாடி, கொதிக்குது." சமையலறையிலிருந்து ஆவி வேறு நடைக்கு வந்துகொண்டிருந்தது. "உள்ளேயும் ஒரு பார்வை பாத்துடலாமா?"

"விடுங்க அண்ணே. பனியில நனைஞ்ச ஷூவைக் கழட்டிக்கிட்டு எதுக்கு? அதான் தொட்டுப் பாத்தாச்சே, வீடு வெந்நீர்க் குளியலறை மாதிரி இருக்கு."

மெக்கானிக் தோளைக் குலுக்கினான். "அப்போ எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை. வீட்டு ஆளுங்க ஜாஸ்தியாச் செலவு பண்றாங்க, அவ்வளவுதான்."

தப்பித்தாள். அவ்வளவு சுலபமாகத் தப்பித்துவிட்டாள். கதவைச் சாத்த வேண்டியதுதான் பாக்கி, கையும் கதவின் மேல்தான் இருந்தது. அப்போதுதான் படியில் சுமெய்ரா நிற்பதைப் பார்த்தாள். குழந்தையைப் போர்வையில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள். உடம்பில் இரண்டு கம்பளிச் சட்டைகள், அதற்கு மேல் புன்யாமினின் பழைய சட்டை ஒன்று. கடைசி நம்பிக்கையும் போன முகம். அழக்கூட இல்லை. ஆசேலின் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டாள்.

புன்யாமின் போனை எடுத்துவிட்டான். மணி போயிற்று. "மாமா, சலாம். நல்லாயிருக்கீங்களா? உங்க பொண்ணைப் பத்திக் கொஞ்சம் பேசணும்..."

கதவைச் சாத்து, சாத்து என்றது ஒரு மனசு. ஷாஸியே கதவை விட்டாள். அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த வீட்டுக்குள் இதுவரை யாரும் ஷூவோடு நுழைந்ததில்லை, அவளே விடமாட்டாள். இன்று அவளே அவனை ஷூவும் ஈரமுமாகக் கம்பளத்தின் மேல் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், கூடத்து ரேடியேட்டரில் அவன் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"சொல்லு. சுடுதா?"

"ஐஸா இருக்கு. என்ன பெரியம்மா இது?"

"எல்லாத்தையும் இப்பதான் மூடினேன். உங்க கண்ணுல மண்ணைத் தூவத்தான். நஸ்மி போனதிலேருந்து நான் பாய்லர் போடறதே இல்லை. உன் பொண்டாட்டி ஒண்ணும் பண்ணலை. உங்க வீட்டுச் சூட்டை நான்தான் தின்னுட்டிருக்கேன். அந்த ஜன்னல் கதையும் நான் கட்டிவிட்டதுதான்."

"தரையைப் பாத்தப்பவே நான் சொன்னேன்ல," என்றான் மெக்கானிக். இனி நடக்கப்போவதற்குத் தான் தேவையில்லை என்று தெரிந்துகொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

புன்யாமின் கத்தினான். திருடி என்றான், வயசுக்கேத்த புத்தி இல்லாதவள் என்றான், தொழுகை செய்கிற கை செய்கிற வேலையா என்றான். ஷாஸியே தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அத்தனையும் நியாயம். கத்தி முடித்துவிட்டு, அதே மூச்சில் பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"கேட்டேல்ல? இனிமே பில் கம்மியா வரும். மேல போய் டீ போடு, வர்றேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. கையிலிருந்த போனில் மாமனார் இன்னும், "ஹலோ, ஹலோ மாப்பிள்ளை" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சுமெய்ரா செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். அவனைப் பார்க்கவில்லை. ஷாஸியேயின் எதிரில் நின்றாள்.

"பெரியம்மா, மேல நாங்க பேசறது இங்க கேக்குமா?"

"கேக்கும்."

"நான் அழுதது?"

"கேட்டுச்சுடி கண்ணு. தினமும் கேட்டுச்சு."

அந்தப் பெண் ஒரு வசவாவது வைதிருந்தால் எவ்வளவோ தேவலை. அவளோ திரும்பி, புன்யாமினின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அப்பா, நான்தான். நீங்க வாங்கப்பா. இல்லை, அவர் அனுப்பலை. நானாத்தான் வர்றேன். பிள்ளை நல்லா இருக்கா. வாங்க, வந்ததும் சொல்றேன்."

புன்யாமினின் முகம் வெளிறிவிட்டது. "எதுக்குடி போறே? அதான் உன் மேல தப்பில்லைன்னு தெரிஞ்சுபோச்சே!"

"உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. நான் முதல் நாளே சொன்னேன்."

அவன் சற்றுமுன் திருடி என்று திட்டியவளிடமே திரும்பினான். "பெரியம்மா, நீங்களாவது சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

"நான் சொன்னதை நீ ஒரு தடவை கேட்டதே போதும்பா," என்றாள் ஷாஸியே.

அவன் அதற்கு மேல் நிற்கவில்லை. ஈரத் தடத்தைக் கம்பளத்தில் பதித்துக்கொண்டு தடதடவென்று தெருவுக்கு இறங்கிப் போய்விட்டான். சுமெய்ரா மேலே போய்த் துணிமணிகளை எடுத்துவைக்கக் கிளம்பினாள். பின்னாலேயே வாசல்வரை வந்த ஷாஸியே இரண்டு கையையும் நீட்டினாள். மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. இந்த ஒரு உதவியாவது செய்துவிட மாட்டோமா என்று இருந்தது.

"நீ மூட்டை கட்டற வரைக்கும் பிள்ளையை என்கிட்ட விட்டுட்டுப் போம்மா. நான் பாத்துக்கறேன்."

சுமெய்ரா அந்தக் கைகளைப் பார்த்தாள். அவற்றுக்குப் பின்னால் இருந்த கூடத்தைப் பார்த்தாள்.

"இங்க குளிருது பெரியம்மா," என்று சொல்லிவிட்டு, குழந்தையைப் போர்வையோடு மார்பில் அணைத்துக்கொண்டு படியேறினாள்.