சுக்கானார் குடியின் திமிர்

கல்முனைக்குடியில் குடி என்கிற வம்சம் தாய்வழியில் வருவது. உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. வாப்பா தலைகீழாக நின்றாலும் அதில் அவருக்குப் பங்கில்லை.

சுக்கானார் குடி ஆண்களுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது: திமிர் பிடித்தவர்கள். பின்னால் நின்று ஸலாம் சொன்னால் பதில் சொல்ல மாட்டார்கள். இளவயதில் தெரியாது, நாற்பதைத் தாண்டினால் முற்றிவிடும். கலந்தரை மாப்பிள்ளையாக எடுத்தபோதே ஸகியாவின் சொந்தக்காரர்கள் இதைச் சொல்லி எச்சரித்தார்கள். ஆளின் சிரிப்பில் மயங்கி அவள்தான் சம்மதித்தாள்.

கலந்தருக்குப் பல வருடமாக நற்பிட்டிமுனை அரிசி மில்லில் மெஷின் வேலை. அதே மெஷினுக்கு மறுபக்கம் சொறிக்கல்முனைப் புண்ணியமூர்த்தியும் அத்தனை வருடமாக நிற்கிறார். அவருக்கு நாலு வளவு தள்ளித் தேங்காய் விழுந்தாலும் தெரியும். ஆகவே மெஷின் இரைச்சல்மேல் குற்றமில்லை, கலந்தருக்குத் திமிர்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஸகியாவும் அந்த முடிவோடுதான் குடும்பம் நடத்தினாள். அடுப்படியிலிருந்து கூப்பிட்டு, பதில் வராமல், அவரையும் அவருடைய குடியையும் சேர்த்து ஏசுவாள். அவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்த பஸ்ஸுக்கும் கலந்தர் வழிவிடவில்லை. பஸ்தான் வயலுக்குள் இறங்கியது. திமிருக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று ஸகியா அவரைக் காது டொக்டரிடம் இழுத்துப் போனாள்.

சோதித்து முடித்த டொக்டர், "இவர்ர குடும்பத்தில வேற ஆருக்கும் காது மந்தமா?" என்று கேட்டார்.

"காது ஒருத்தருக்கும் பிழையில்ல டொக்டர். திமிர்தான். இவர்ர ரெண்டு மாமாமாருக்கும் இரிக்கி, இவருக்கு மூத்த காக்காவுக்கும் இரிக்கி."

"அவங்க என்ன வேல?"

"மாமாமார் இஞ்சின் போட்டுல கடலுக்குப் போற. காக்கா மரம் அரியிற மில்."

டொக்டர் பேனாவை வைத்துவிட்டு விளக்கினார். ஒரே இரைச்சலில் ரெண்டு பேர் நின்றாலும் ஒருவருக்கு ஒன்றும் ஆகாது, மற்றவருக்குக் காது போய்விடும். சிலருக்குப் பிறவியிலேயே இரைச்சல் தாங்காத காது. அது பரம்பரையாக வரக்கூடியது. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றக் காதுக்கு மூடி போட வேண்டும்.

"இவருக்குப் பிள்ளைகள் இரிக்கா?"

"ஒரு மகன், பர்ஸான். சனிக்கிழம இவரோடயே மில்லுக்கு வேலைக்குப் போகப் போறான். அவனுக்குப் பயமில்ல டொக்டர். அவன் என்ட குடி."

"காதுக்குக் குடி தெரியாதும்மா. வாப்பாட பக்கத்தாலயும் வரும். அவனுக்கு இரிக்கெண்டு நான் சொல்லல்ல. ஆனா மில் வேணாம்."



வீட்டுக்கு வந்ததும் ஸகியா அழுதாள். இருபது வருடமாகப் பாவம் அந்த மனுசனை ஏசியது நெஞ்சை அறுத்தது. கலந்தருக்கு முன்னால் போய் உட்கார்ந்து, மகனைப் பற்றி டொக்டர் சொன்னதையும் தான் ஏசியதையும் உரத்த குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

கலந்தர் ஆச்சரியப்பட்டார். "நீ ஏசினயா? நீ அமைதியான பொம்புள எண்டெல்லோ நான் ஊரெல்லாம் சொல்லித் திரியிறன்."

பிறகு சேர்ட்டை மாட்டினார். "மகன் மில்லுக்கு வரமாட்டான். முதலாளிக்கு நானே சொல்லிட்டு வாறன்."

மகனை அனுப்புவதாகச் சொன்ன வாக்கை மாற்றினால் முதலாளி உரித்துத் தொங்கவிட்டுவிடுவார். அந்தப் பயத்தில் ஸகியா வாசல் கேற்றடியிலேயே நின்றாள். கலந்தர் அதே சிரிப்போடு திரும்பி வந்தார்.

"முதலாளி என்ன சொன்ன?" அவர் முகத்துக்கு நேரே நின்று கேட்டாள்.

"ஆருக்குத் தெரியும்? மெஷினும் ஓடுது. வாய் நல்லா அசைஞ்சிச்சு, கையும் ஆடிச்சு. முடியிற வரைக்கும் நிண்டு, ஸலாம் சொல்லிட்டு வந்திட்டன்."

அடுத்த நாள் ஊரெல்லாம் பேச்சு. முதலாளி அவ்வளவு ஏசியும் கலந்தர் சிரித்துக்கொண்டு நின்றாராம், என்ன திமிர்! பக்கத்து வீட்டு ஸுல்பிகா வேலியடியில் நின்று அதைச் சொன்னபோது, ஸகியா முதல் தடவையாகத் தன் புருஷனின் குடிக்காகப் பேசினாள்.

"ஓம் புள்ள," என்றாள். "அவங்க அப்பிடித்தான்."