வெள்ளிக்கிழமை சேர்த்துக்கொள்ளலாம்

ஆஸ்பத்திரி இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பெயர் தெரியாமல் வந்து சேரும் நோயாளிகளுக்கு அதில் ஆளுக்கொரு பக்கம் உண்டு. உடை, அடையாளம் எல்லாம் எழுதி நர்ஸ் ஏற்றிவிடுவார். ஏற்றினால் மட்டும் போதாது. தேடல் பட்டியலில் அவள் சேர்த்தால்தான் தேடுகிறவர் கண்ணில் படும். ஒரு பக்கமோ ஐம்பதோ, அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர் முக்கி முனகி ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் மொத்தமாகச் சேர்ப்பாள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நர்ஸ் போன் செய்தார். பைக் விபத்து, இளவயசு, நினைவில்லை, பக்கம் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை சேர்த்துக்கொள்ளலாம் என்று இவள் அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கம்ப்யூட்டர் முனகிக்கொண்டிருக்க, பொழுது போகாமல் அந்த வாரம் மக்கள் தேடியவற்றைப் புரட்டினாள். ‘இடது புருவத்தில் தழும்பு.’ முடிவு இல்லை. ‘புருவத் தழும்பு, நீலச் சட்டை.’ முடிவு இல்லை. செவ்வாய் மாலையிலிருந்து யாரோ ஒருவர் வார்த்தையை மாற்றி மாற்றி நாற்பது தடவைக்கு மேல் தேடியிருந்தார். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்தாள். இடது புருவத்தில் தழும்பு, நீலச் சட்டை.

வார்டுக்கு ஓடினாள். நேற்று மத்தியானமே இறந்துபோய்விட்டான் என்றார் நர்ஸ். புதன்கிழமை ஒரே ஒரு தடவை கண் விழித்து, அப்பா எங்கே என்று கேட்டானாம். பெயரைக் கேட்பதற்குள் மறுபடி மயங்கிவிட்டானாம்.

பட்டியல் முடிந்து ஒரு மணி நேரத்தில் அப்பா வந்துவிட்டார். பிணவறையில் மகனைப் பார்த்துவிட்டு, விசாரித்துக்கொண்டு நேரே இவள் அறைக்கு வந்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

“நீங்க போட்டதாலதான்மா என் பையன் கிடைச்சான்.”

அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை.

“ஐயா, அவர் செவ்வாய்க்கிழமையே வந்துட்டார். நான்தான் இன்னிக்கு வரைக்கும் சேர்க்காம விட்டுட்டேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“நடுவுல முழிச்சானாம்மா? என்னைத் தேடினானா?”

“இல்லைங்கய்யா. கடைசி வரைக்கும் நினைவே வரலை.”

“அந்த மட்டும் போதும்மா” என்றார் அவர், அப்போதுதான் உட்கார்ந்தார்.