சக்கையில் நின்ற இனிப்பு

"நூலு மாதிரி விழுகணும் கருப்பண்ணே. கயிறு மாதிரி விழுந்துச்சுன்னா அம்புட்டும் வீணு" என்று சொல்லிவிட்டு, காதில் போனை வைத்தபடி சண்முகராஜ் மோட்டார் ரூமை விட்டு வெளியே போனான்.

சின்னக்கருப்பு அண்டாவின் குழாயைத் திருகிச் சிறுத்து வைத்தான். மேலே பார்லி, கீழே சல்லடை, அதற்கும் கீழே குழாய். முளைகட்டிக் காயவைத்து உடைத்த பார்லியைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டால் இனிப்பு இறங்கும். அந்தத் தண்ணீரை வடிக்கும்போதே மேலிருந்து இன்னும் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் சக்கையில் ஒட்டிய இனிப்பும் கழுவிக்கொண்டு வரும். வடித்ததைக் காய்ச்சி, ஆறவிட்டு, டிரம்மில் புளிக்க வைத்தால் பீர்.

சண்முகராஜ் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். இப்போது ஓடைப்பட்டியில் அப்பா விட்டுப்போன திராட்சைத் தோட்டத்து வீட்டில் உட்கார்ந்து அதே வேலையைப் பார்க்கிறான். பீர் காய்ச்சுவது அவனுக்கு ஆசை. வெளியே தெரிந்தால் போலீஸ். பார்லி மூட்டையைப் பார்சல் ஆபீசில் மாட்டுத் தீவனம் என்று சொல்லித்தான் எடுத்து வருவார்கள்.

தண்ணீர் ஏன் மெதுவாகப் போக வேண்டும் என்று சின்னக்கருப்புக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மடையை அகலத் திறந்தால் தண்ணீர் ஒரு தடத்தை அறுத்துக்கொண்டு ஓடிவிடும், பக்கத்து மண் காய்ந்தே கிடக்கும். பார்லியும் அப்படித்தான். திராட்சைப் பந்தலுக்கு அடியில் அண்ணாந்து அண்ணாந்து குலை வெட்டியதில் அவன் கழுத்து போய்விட்டது. வேறு யாரும் வேலை கொடுக்கமாட்டார்கள். சண்முகராஜ் இந்த மோட்டார் ரூம் வேலையைக் கொடுத்திருந்தான், சக்கையை எடுத்துக்கொள்ளவும் சொல்லியிருந்தான்.

சக்கை செவலைக்கு. அது அவன் பெண்டாட்டி சங்கிலியம்மாளின் மாடு. இரண்டாம் ஈத்து, கன்று போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. மகள் கயல் தேனியில் நர்சிங் படிக்கிறாள். சின்னக்கருப்பின் கூலி சாப்பாட்டுக்கே இழுத்துப் பறித்தது. கயலைப் படிக்க வைப்பது செவலைதான்.

அன்று சக்கை அள்ள வந்த சங்கிலியம்மாள் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்று துப்பினாள்.

"வெறும் உமி. செவலை மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருது. ஒங்க மொதலாளி அப்படி என்னத்தத்தான் உறிஞ்சுவாரோ!"

"கழுவித்தான எடுக்கச் சொல்றாக."

"கடையில வாங்கிக் குடிச்சா தொண்டையில எறங்காதாக்கும்? நெல்லு அவிக்கிற மாதிரி அவிச்சு, பிள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி ஊத்திக்கிட்டு..." அவள் குழாயைப் பார்த்தாள். "இதக் கொஞ்சம் திருகிவிட்டா ஒங்க கை ஒடிஞ்சா போயிரும்? இனிப்பு சக்கையில நிக்கும்ல. அவருக்கு இல்லாட்டி ஒண்ணுமில்ல. அது பால் குடுக்கிற சீவன்."

அவன் சிரித்தான். ஆனால் அடுத்த முறை காய்ச்சியபோது குழாயைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தான். செவலை தொட்டியை நக்கிச் சுத்தம் செய்தது. பாலும் கூடியது. "செவலைக்கு என்ன பாயாசமா ஊத்துற ஆத்தா?" என்று சொசைட்டியில் பால் அளக்கிறவன் கேட்டான். அதைப் புருஷனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் சங்கிலியம்மாள்.

பெங்களூர் நண்பர்கள் வருகிறார்கள் என்று சண்முகராஜ் இரண்டு அண்டா பார்லி போட்டான். ஊறப்போட்ட கையோடு ஆபீஸ் போன் வந்து வீட்டுக்குள் போய்விட்டான். சின்னக்கருப்பு இரண்டு குழாயையும் கயிறாகவே திறந்துவிட்டான். தண்ணீர் பார்லிக்குள் வழி பண்ணிக்கொண்டு சளசளவென்று இறங்கியது. சீக்கிரம் முடிந்துவிட்டது. சக்கையைக் கிள்ளி வாயில் வைத்தான். தித்தித்தது.

சண்முகராஜ் திரும்பி வந்து இனிப்பை அளக்கும் கண்ணாடி மிதவையை வடித்த தண்ணீரில் விட்டுப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"ஏன் இம்புட்டு எறங்கிப்போச்சு? வேகமா விட்டீகளா?"

"இல்ல தம்பி. நூலு மாதிரிதான் விட்டேன்."

"அப்ப பார்லிதான் சரியில்ல. வித்தவன் ஏமாத்திட்டான்" என்று சண்முகராஜ் சீனியை அள்ளிக் கொட்டிச் சரிக்கட்டினான்.

சக்கை மூன்று கூடை இருந்தது. வெயில் காலத்தில் ஈரச் சக்கை மறுநாளே புளித்துப் புழு வைத்துவிடும். வீணாக்குவானேன் என்று சங்கிலியம்மாள் அவ்வளவையும் அன்று சாயங்காலமே தொட்டியில் கொட்டினாள். செவலை தலையைத் தூக்காமல் தின்றது.

விடிந்து பார்த்தபோது அது பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றது. புல்லைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னங்கால் தடுமாறிப் படுத்தது. சாணி தண்ணீராகப் போனது.

உத்தமபாளையத்திலிருந்து மாட்டு டாக்டர் ரியாசுதீன் பைக்கில் வந்தார். விசயம் கேட்டுச் சண்முகராஜும் வந்து வேப்ப மரத்தடியில் நின்றான்.

"சாணி புளிச்ச வாடை அடிக்குதே. தானியம் ஏதும் தின்னுச்சாம்மா? என்ன தீனி போட்டீக?" என்றார் டாக்டர்.

சங்கிலியம்மாள் புருஷனைப் பார்த்தாள். சின்னக்கருப்பு சண்முகராஜைப் பார்த்தான்.

"சோளத்தட்டையும் புண்ணாக்கும்தான் சார். எப்பவும் போடுறதுதான்" என்றான் சின்னக்கருப்பு.

"கன்னு போட்டு ஒரு மாசம் இருக்குமா? அப்ப சுண்ணாம்புச் சத்து எறங்கியிருக்கும். பால் கூடுதலா கறந்தா இப்படித்தான் படுத்துரும்." டாக்டர் கழுத்து நரம்பில் ஊசி குத்திப் பாட்டிலை ஏற்றினார். "பொழுதுக்குள்ள எந்திரிச்சிரும். எந்திரிக்கலேன்னா போன் போடுங்க."

அவர் போனதும் சண்முகராஜ் கிட்டே வந்தான். "நல்லவேளை, நம்ம விசயத்தச் சொல்லல. அந்தச் சக்கையில ஒண்ணும் இல்ல கருப்பண்ணே. நல்லாக் கழுவி எடுத்தது. எல்லா ஊர்லயும் மாட்டுக்குப் போடுறதுதான்." அவன் அதை நம்பித்தான் சொன்னான். குழாய் எப்படித் திறந்திருந்தது என்பது அவனுக்குத் தெரியாது. சின்னக்கருப்பு தலையை ஆட்டினான்.

உச்சி வெயில் வந்தது. செவலை எழவில்லை. கண் உள்ளே போய்விட்டது, காது ஐஸாகச் சில்லிட்டிருந்தது. கன்று தூரத்தில் கட்டிக் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. சங்கிலியம்மாள் போனை எடுத்தாள்.

"வேண்டாம்டி. வேலை போயிரும். போலீசு வந்தா என்னையவும் சேத்துத்தான் தூக்குவாக."

"மாடு போனா அந்த வேலைய வச்சு நக்குவீகளா?" அவள் வாசலில் நின்று டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பார்லி, பீரு, மூணு கூடை, கழுவாத இனிப்பு. ஒன்றையும் விடவில்லை. "நாந்தான் சார் தெறக்கச் சொன்னேன்" என்றும் சொன்னாள்.

டாக்டர் மறுபடி வந்தார். வாய் வழியாகக் குழாய் விட்டுச் சோடா மாவைக் கரைத்து ஊற்றினார். கையைக் கழுவும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"காலையிலயே கேட்டேன். அப்பச் சொல்லியிருந்தா வயித்தக் கழுவிவிட்டிருப்பேன். இனிப்பு வயித்துல புளிச்சு, அந்த வெசம் இப்ப ரத்தத்துல ஏறிருச்சு." பையைப் பைக்கில் மாட்டினார். "பீரு கீருல்லாம் எனக்கு வேண்டாத கதை. மாட்டப் பத்தி மட்டும் கேட்டேன்."

பொழுது இறங்குமுன் செவலை கழுத்தை நீட்டிவிட்டது. மடி கட்டிப்போய் அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் சண்முகராஜ் ஆள் அனுப்பிச் சின்னக்கருப்பை வரச்சொன்னான். மோட்டார் ரூமில் டிரம் லேசாக நுரைத்துக்கொண்டிருந்தது.

"ஒன் பொண்டாட்டி போன்ல சொன்னது எங்காதுக்கும் வந்துருச்சு. டாக்டர் வரைக்கும் சொல்லியாச்சு. ஊருக்கே தெரிய எம்புட்டு நேரமாகும்? நண்பர்கள வரவேண்டாம்னுட்டேன். எல்லாத்தையும் கொட்டிரு." நேற்று வரை இருந்த 'அண்ணே' போயிருந்தது. "எங்கிட்டயே நூலு மாதிரி விட்டேன்னு பொய் சொல்லியிருக்க. ஒன்னைய நம்பித்தான விட்டுட்டுப் போனேன்?"

"தப்புத்தான் தம்பி."

"இதோட வேற எடம் பாத்துக்க கருப்பு. திராட்சைக் கொடி வாய்க்கால்ல விடு. மெதுவா விடு. ஒரேடியாத் தெறந்தா ரோடு வரைக்கும் வாசம் அடிக்கும்."

சின்னக்கருப்பு குழாயைச் சிறுத்துத் திறந்தான். பீர் நூலாக இறங்கி வாய்க்கால் மண்ணில் ஊறியது. லேசான புளிப்பு வாடை வந்தது. பந்தலுக்கு அந்தப் பக்கம் காலி இடத்தில் குழி வெட்டும் சத்தம் கேட்டது. கடப்பாரை கல்லில் மோதி மோதி நின்றது. பிறகு சத்தம் ஓய்ந்தது. இனிச் செவலையைக் கயிறு போட்டு இழுக்க வேண்டும்.

"இந்தாங்க, வாங்க" என்று சங்கிலியம்மாளின் குரல் வந்தது.

அவன் டிரம்மைத் தட்டிப் பார்த்தான். பாதிகூடக் குறையவில்லை.

"ஆளுக காத்துக்கிட்டு நிக்கிறாக!"

"வந்துட்டேன். இது எறங்கட்டும்."

அவள் பந்தலுக்கடியில் குனிந்து வந்தாள். கையெல்லாம் உப்பு, குழிக்குள் போடக் கொண்டுவந்த உப்பு. டிரம்மைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், நூலாக விழுவதைப் பார்த்தாள். குழாயைப் பிடித்து முழுசாகத் திருகினாள். நுரை பொங்கிக்கொண்டு பீர் வாய்க்காலை மேவி ஓடியது. வாடை குப்பென்று ரோட்டுப் பக்கம் கிளம்பியது.

"வாங்க" என்றாள். "கன்னுக்குட்டிய வேற அங்கன இருந்து அவுத்து மாத்திக் கட்டணும். பாத்துக்கிட்டே நிக்கிது."