ஆமணக்குக் குடும்பத்தார்

பொதுப் பூங்காவின் கண்ணாடி வீட்டில் இருந்த அறுபத்தைந்து முட்செடிகளில் நாற்பத்தொன்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு எழுந்து வெளியே நடந்தன. கதவு அகலம் போதாததால் பெரியவை பக்கவாட்டில் திரும்பிப் போயின. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. மீதி இருபத்து நான்கும் இருந்த இடத்திலேயே இருந்தன. காரணம் கேட்டவர்களுக்குத் தோட்டக்காரர்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: போனவை ஒரு குடும்பம், இருந்தவை வேறு குடும்பம்.

ஊர் வாயில் இரண்டுக்கும் ஒரே பெயர், கள்ளி. இலை இருக்காது, முள் இருக்கும், தண்டு பச்சையாகத் தடித்திருக்கும். பார்த்தால் கூடப் பிறந்தவை என்றுதான் தோன்றும். ஆனால் சப்பாத்திக்கள்ளி வகையறாவில் முள் ஒரு சின்னப் பஞ்சுப் பொட்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும். கீறினால் தண்ணீர் மாதிரி கசியும். சதுரக்கள்ளி வகையறாவில் பஞ்சு கிடையாது, விளிம்போடு ஜோடி ஜோடியாக முள் நிற்கும். கீறினால் வெள்ளைப் பால் பீறிடும். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதற்குச் சொந்தம் ஆமணக்கும் மரவள்ளியும்தான். முகச்சாயல் துளி கிடையாது. மூன்று அறை வைத்த காயைப் பார்த்தால்தான் உறவு தெரியும். பூங்காவில் பெயர்ப்பலகை எழுதும் பெண் இதைப் பதினேழு வருஷமாகச் செடிக்குச் செடி எழுதி வைத்திருந்தாள். பால் உள்ளவற்றுக்கு மட்டும் கீழே சிவப்பு பெயின்டில் ஒரு வரி கூடுதலாக இருக்கும். அவளை எல்லோரும் பலகைக்காரி என்றே கூப்பிட்டார்கள்.

புதிதாக வந்த கண்காணிப்பாளருக்குச் சிவப்பு வரி பிடிக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் பயப்படுகிறார்கள் என்றார். அறுபத்தைந்து பலகையையும் பிடுங்கச் சொல்லி, வாசலில் ஒரே பலகை வைக்க உத்தரவு போட்டார்: ‘கள்ளிக் குடும்பம். முள்ளைத் தவிர வேறு ஆபத்து இல்லை.’

“சார், பாதிக்கு மேல வேற குடும்பம். பால் இருக்கு, கண்ணு போயிடும்.”

“முள் இருக்காம்மா?”

“இருக்கு சார்.”

“அப்ப கள்ளிதானே? உன்னை எழுதச் சொன்னேனா, பாடம் நடத்தச் சொன்னேனா?”

எதிர்த்துப் பேசிய பம்ப் ஆப்பரேட்டரைப் போன மாதம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பலகைக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எழுத்து வழக்கம்போல முத்து முத்தாக வந்தது. அதுதான் அவளுக்குப் பிற்பாடு ஆறவே இல்லை. கை கொஞ்சம் நடுங்கியாவது இருக்கலாம்.

அவளுடைய தம்பி அதே பூங்காவில் ரோஜாப் பாத்தி பார்த்தவன். ஆள் பற்றாக்குறை என்று அவனைக் கண்ணாடி வீட்டுக்கு மாற்றினார்கள். கூரையை முட்டிக்கொண்டிருந்த ஆள் நீளக் கிளையை வெட்டச் சொன்னார்கள். வாசல் பலகையைப் படித்தான், வாளை எடுத்தான், அண்ணாந்து பார்த்துக்கொண்டே அறுத்தான். பால் முகம் முழுக்கக் கொட்டியது. ஆஸ்பத்திரியில் என்ன செடி என்று கேட்டார்கள். கூடப் போனவர்கள் பலகையில் இருந்ததைச் சொன்னார்கள். டாக்டர் கண்ணுக்குள் முள்ளைத் தேடினார். இல்லாத முள்ளைத் தேடியதில் முக்கால் மணி நேரம் போயிற்று. பிறகுதான் கழுவினார்கள். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் மிச்சம்.

கட்டோடு படுத்திருந்த தம்பி அக்காவிடம் கோபப்படவில்லை. “உன் எழுத்துதானே அக்கா. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்” என்றான். அவன் நாலு அறை விட்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். கண்காணிப்பாளர் அறையிலேயே உட்கார்ந்து, கண்காணிப்பாளர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்து, ஒன்றரைப் பக்கம் தயாரித்தார்கள். அதன் சாரம் இது: கள்ளிக் குடும்பத்துச் செடிகளில் பால் கிடையாது, ஆகவே ஊழியர் கண்ணில் பால் பட்டிருக்க முடியாது, ஆகவே இது அவருடைய கவனக்குறைவு. பலகை சரியானதே என்று எழுதியவள் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டார்கள். அவள் தாளை இரண்டு தடவை படித்தாள். கத்தவில்லை. “செடிங்களையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி வீட்டுக்குப் போனாள்.

அங்கே ஒரு கோணி ஊசியை எடுத்து, முதல் செடியிலிருந்து தொடங்கினாள். ஒரு குத்து, வெள்ளையாகக் கசிந்தால், “நீ ஆமணக்குக் குடும்பம், இங்க உனக்கு என்ன வேலை, எந்திரி” என்றாள். தண்ணீராகக் கசிந்தால், “நீ இரு” என்று அடுத்ததற்குப் போனாள். பதினேழு வருஷத்தில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை என்று, ஓடி வந்து பார்த்த தோட்டக்காரர்கள் சொன்னார்கள். எந்திரி என்றதெல்லாம் எழுந்தது. வரிசை கலையாமல் புல்வெளியைத் தாண்டி, பணியாளர் கழிப்பறைக்குப் பின்னால் தானாக முளைத்துக் கிடந்த ஆமணக்குப் புதரைச் சுற்றிப் போய் நின்றது.

விசாரணைக்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். “காத்து கொஞ்சம் ஜாஸ்தி” என்றார் கண்காணிப்பாளர்.

கிளை வெட்டுப்பட்ட செடி மட்டும் மற்றவற்றோடு போகவில்லை. அது படியேறி வந்து கண்காணிப்பாளர் அறை வாசலில், நிலைக்கு நிலை அடைத்துக்கொண்டு நின்றது. வெட்டுக்காயம் திறந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அறைக்கு வேறு வழி இல்லை. ஜன்னலில் இரும்புக் கம்பி. செடிக்குப் பின்னால் பலகைக்காரி வந்து நின்றாள்.

“ஏம்மா, இதை எடு.”

“தள்ளிட்டு வாங்க சார். முள்ளைத் தவிர வேற ஆபத்து இல்லையே.”

மத்தியானம் ஆயிற்று. டீ தீர்ந்தது. விசாரணைக்காரர்களில் ஒருவர் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று நெளிந்தார். கண்காணிப்பாளர் கோட்டு மாட்டிக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்தார், ஒரு அடி பின்னால் போனார், கடைசியில், “யாராவது கண்ணுக்குப் போடுற கண்ணாடி கொண்டு வாங்கப்பா” என்று கூச்சல் போட்டார்.

“கண்ணாடி எதுக்கு சார்?” என்று கேட்டது பலகைக்காரி இல்லை, நெளிந்துகொண்டிருந்த விசாரணைக்காரர்.

“பால் தெறிச்சா கண்ணு போயிடும்யா!”

அந்த விசாரணைக்காரர் ஒன்றரைப் பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளில் அந்த வாக்கியத்தை அப்படியே, ‘யா’வையும் விடாமல், எழுதிக்கொண்டார். பலகைக்காரி சாட்சிக் கையெழுத்தை முள்ளுக்கு மேலாகக் கையை நீட்டிப் போட்டாள். கண்காணிப்பாளரையும் மற்றவர்களையும் சாயங்காலம் ஜன்னல் கம்பியை அறுத்து வெளியே எடுத்தார்கள்.

அவருக்குத் தண்டனை என்று ஒன்றும் பெரிதாக இல்லை. இதைவிடப் பெரிய பூங்காவுக்கு மாற்றினார்கள். இந்த ஊரில் நியாயம் அவ்வளவு தூரம்தான் நடக்கும், செடிகள்தான் மிச்சத்தை நடந்தன. தம்பிக்கு இழந்தது திரும்பவில்லை. ரோஜாப் பாத்திக்கே போய், மொட்டைத் தடவிப் பார்த்தே கத்தரிக்கக் கற்றுக்கொண்டான். பலகைக்காரி வாசல் பலகையைத் தானே உடைத்து அடுப்பில் வைத்தாள். அவள் கோபம் அடுத்த வருஷமும் ஆறவில்லை, அதற்கடுத்த வருஷமும் ஆறவில்லை. யாரும் அவளை ஆறச் சொல்லவும் இல்லை.

கழிப்பறைக்குப் பின்னால் நின்றவற்றுக்கு வேலி போட்டு, குழாய் இழுத்து, பூங்கா வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற செடி நகரவே இல்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, அலுவலகத்துக்கு மேற்குச் சுவரை இடித்து வேறு வாசல் வைத்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: உள்ளே போக மேற்குப் பக்கம் வரணும், பழைய வாசலுக்கு வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி, அதுவும் கொஞ்சமா.